முள் தழைத்த வருஷம்

எங்கள் வீட்டின் வடக்கு வேலியோரம் 14 ரோஜாச் செடிகள் இருந்தன. நாங்கள் நட்டவை அல்ல. 2012இல் டாலஸ் பக்கத்துப் பிளேனோவில் இந்த வீட்டை வாங்கியபோது, துருப்பிடித்த தபால் பெட்டி, ஒழுகும் தோட்டத்துக் குழாய் இவற்றோடு சேர்ந்து வந்தவை. எல்லாமே நாக் அவுட் வகை. டெக்சஸ் பக்கம் வந்து போனவர்கள் பெயர் தெரியாவிட்டாலும் செடியைப் பார்த்திருப்பார்கள். மால் வாசல், வங்கி வாசல், ஆறு வழிச் சாலையின் நடுத்திட்டு என்று எங்கே பார்த்தாலும் இடுப்பளவு உயரத்தில் கொத்துக் கொத்தாக நிற்கும். ஏப்ரலில் பூக்க ஆரம்பித்தால் முதல் உறைபனி விழும்வரை நிற்காது.

மில்வாக்கியைச் சேர்ந்த வில்லியம் ராட்லர் என்பவர் உருவாக்கிய ரகம் இது. ரோஜா என்றாலே வாராவாரம் மருந்தடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கரும்புள்ளி விழுந்து இலையெல்லாம் கொட்டிவிடும் என்கிற தலைவலிக்கு அவர் முடிவு கட்ட நினைத்தார். 2000இல் சந்தைக்கு வந்தது. மருந்து வேண்டாம், கவனிப்பு வேண்டாம், வருஷத்துக்கு ஒருமுறை வெட்டிவிட்டால் போதும். எனக்கென்றே பண்ணின செடி. மூன்று வருஷம் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அவை பாட்டுக்குப் பூத்தன.

அம்மாவுக்கு மட்டும் பிடிக்கவில்லை. அம்மா நிலக்கோட்டைக்காரி. பூ மார்க்கெட்டில் பன்னீர் ரோஜா சாக்கு சாக்காக வந்து இறங்குவதைப் பார்த்து வளர்ந்தவள். 2015 ஏப்ரலில் முதல்முறையாக இங்கே வந்தவள், பெட்டியைக்கூடப் பிரிக்காமல் வேலியோரம் போய் ஒரு பூவைப் பறித்து மூக்கில் வைத்துப் பார்த்தாள்.

"என்னடா தம்பி, வாசமே இல்ல?"

"இல்லம்மா. இது சும்மா அழகுக்கு."

"அஞ்சாறு இதழு, அதுலயும் வாசமில்ல. இதுக்குப் போயி ரோஜான்னு பேரு வச்சிருக்கானுங்க."

பூவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள். பிறகு சாமி படத்துக்கு வைக்காமல் டிவி மேல் வைத்துவிட்டாள்.

இப்போது கொஞ்சம் பின்னால் போக வேண்டும். அதற்கு முந்தைய அக்டோபரில், மேற்குக் கோடியில் இருந்த செடியில் ஒரு கிளை மட்டும் தனியாக எழும்பி வந்தது. மற்ற கிளைகளைவிட இரண்டு மடங்கு தடிமன். நுனியில் கொத்தாகத் துளிர், நல்ல மருதாணிச் சிவப்பு. நான் செல்பேசியில் படமெடுத்து வைத்தேன். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பாரேன், என்ன வேகமா வளருது!" என்றேன். அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. நோயைப் பார்த்துப் பூரித்துப் போய் எடுத்த படம்.

பிப்ரவரியில் வழக்கம்போல எல்லாச் செடியையும் பாதிக்கு வெட்டினேன். மார்ச்சில் துளிர்த்தபோது அந்தச் செடி முழுக்கச் சிவப்பு, பக்கத்துச் செடியில் பாதி சிவப்பு. ஒன்றைச் சொல்ல வேண்டும்: ஆரோக்கியமான நாக் அவுட்டிலும் புதுத்துளிர் சிவப்பாகத்தான் வரும். இலை விரிந்து முற்ற முற்றப் பச்சைக்கு மாறும். நோய் பிடித்த துளிர் பெரும்பாலும் மாறாது, சிவந்தபடியே நிற்கும். ஆக, பார்க்க வேண்டியது சிவப்பை அல்ல, அது மாறுகிறதா இல்லையா என்பதை. அதற்குத் தினமும் செடியைப் பார்க்கிற ஆள் வேண்டும். நான் வாரத்துக்கு ஒருமுறை குப்பைத் தொட்டியை வெளியே வைக்கப் போகும்போது பார்க்கிறவன்.

அம்மா தினமும் பார்த்தாள். ஆறு மாத விசாவில் வந்த அம்மாக்களுக்கு இங்கே வேறென்ன இருக்கிறது? காலையில் காபி டம்ளரோடு வேலியோரம் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. மே மாதம் ஒருநாள் நான் ஆபீஸ் அழைப்பில் இருக்கும்போது ஜன்னலைத் தட்டினாள். கையில் ஒரு கிளை.

"இங்க பாரு, பூவு எங்க? முள்ளுதான் தழச்சிருக்கு."

அப்போதுதான் முதல்முறையாகக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தேன். விரல் நீளத் தண்டில் முள் வைக்க இடமில்லை. பலாப்பழத் தோல் மாதிரி நெருக்கம். ஆனால் குத்தவில்லை. விரலால் நீவினால் ரப்பர் பிரஷ் போல வளைந்து கொடுத்தது. இன்னும் முற்றாத முள். தண்டு உருண்டையாக இல்லாமல் சப்பையாக இருந்தது. நுனியில் ஒரே கணுவிலிருந்து பத்துப் பன்னிரண்டு குச்சிகள் கிளம்பி, எல்லாம் குட்டையாக, சுருண்ட இலைகளோடு ஒன்றோடொன்று நெரித்துக்கொண்டு நின்றன. நடுவே ஒரு மொட்டு விரியாமலே கருகியிருந்தது.

"விளக்குமாறு கட்டி வச்ச மாதிரி இருக்குடா," என்றாள்.

நான் சமாதானம் சொன்னேன். புல்தரைக்குக் களைக்கொல்லி அடிக்கிற கம்பெனிக்காரன் இந்தப் பக்கம் தெளித்திருப்பான் என்றேன். அது அவ்வளவு மடத்தனமான ஊகம் அல்ல. சில களைக்கொல்லிகள் பட்டால் ரோஜா இலை இதே மாதிரி குச்சியாகச் சுருங்கும், தெரிந்தவர்களே குழம்புவார்கள். ஆனால் அத்தனை முள்ளைக் களைக்கொல்லி முளைக்க வைக்காது என்பது எனக்குத் தெரியவில்லை. அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டு அரை மணி நேரம் சண்டை போட்டேன். அவர்கள் ஒரு மாதச் சந்தாவைத் தள்ளுபடி செய்தார்கள். அந்தப் பணத்தில் வேப்பெண்ணெயும் உரமும் வாங்கிவந்து போட்டேன். துளிர் இன்னும் செழிப்பாக வந்தது. இன்னும் சிவப்பாக.

ஆகஸ்டில், மாவட்ட வேளாண் விரிவாக்க அலுவலகத்தின் தன்னார்வலர்கள் ஒரு சனிக்கிழமை நூலகத்தில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கிளையை வெட்டி ஜிப் பையில் போட்டு இறுக்கி மூடி எடுத்துப்போனேன். மேஜைக்குப் பின்னால் இருந்த அம்மாள் பையை வாங்கவே இல்லை. "திறக்காதீர்கள்," என்றார். பிறகு, ஆஸ்பத்திரியில் கெட்ட செய்தி சொல்கிறவர்களின் குரலில், "ரோஸ் ரோசெட்" என்றார். நுனியில் கொத்தாகக் கிளம்புகிற அந்தக் குச்சிகளுக்கு அவர்கள் ஊரில் வைத்திருக்கும் பெயரையும் சொன்னார்: சூனியக்காரியின் துடைப்பம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "நான் அன்னிக்கே விளக்குமாறுன்னு சொன்னேன்ல," என்றாள். சூனியக்காரியை அவள் பொருட்படுத்தவில்லை.

மருந்து கிடையாது. வைரஸ் செடிக்குள் போய்விட்டால் அவ்வளவுதான், இரண்டு மூன்று வருஷத்துக்குள் செத்துவிடும். பெரிய செடியென்றால் கொஞ்சம் கூட இழுத்துக்கொண்டு கிடக்கும். நோய் தெரிகிற கிளையை மட்டும் வெட்டிப் பயனில்லை. வேரோடு தோண்டி, பையில் கட்டி, குப்பையில் போட வேண்டும். மட்க வைக்கக்கூடாது, வெட்டிப்போட்டு வேலியோரம் குவித்து வைக்கவும் கூடாது. காரணம் வைரஸ் அல்ல, அதைச் சுமக்கிற பூச்சி. பூச்சி என்றுகூடச் சொல்ல முடியாது, சிலந்திச் சாதி. ஒரு மில்லிமீட்டருக்குள் ஆறேழு பேர் வரிசையில் நிற்கலாம், அவ்வளவு பொடி. நாலே கால், இறக்கை கிடையாது. இலைக்காம்பின் இடுக்கிலும் மொட்டின் மடிப்பிலும் ஒண்டிக்கொள்ளும். செடி நெருக்கடியானால் நுனிக்கு ஏறி நின்று காற்றில் தன்னை விட்டுவிடும். ரோஜாமேல் விழுந்தால் பிழைத்தது, இல்லாவிட்டால் சில மணி நேரத்தில் செத்தது.

தென்னை வைத்திருப்பவர்களுக்கு இதன் பங்காளியைத் தெரியும். 1990களின் கடைசியில் கேரளத்தில் தலைகாட்டி, பிறகு நம் பக்கத்துத் தோப்புகளில் புகுந்து, தேங்காய் மட்டையெல்லாம் சொறி பிடித்தது மாதிரி பழுப்பேறிக் காயைச் சிறுக்க வைத்ததே, ஈரியோபைட். அதே குடும்பம்தான். தென்னையில் அது தானே உறிஞ்சிக் கெடுக்கிறது. இங்கே ரோஜாவில் உறிஞ்சுவதோடு நிற்காமல் வைரஸையும் ஊட்டிவிட்டுப் போகிறது.

காற்றில் போகிற பிராணி என்று படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது இலை ஊதும் இயந்திரம். ஒவ்வொரு சனிக்கிழமையும் அதை முதுகில் மாட்டிக்கொண்டு வடக்கு வேலியோரம் உதிர்ந்த இதழையும் இலையையும் நான்தான் ஊதித் தள்ளினேன். நோயுள்ள ரோஜாப் பக்கம் அதைக் கொண்டுபோகாதே என்று விரிவாக்க அலுவலகத்தார் கொடுத்த துண்டுத்தாளில் தனி வரியே இருந்தது.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் இந்த நோயின் பூர்வீகத்தைத் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். செடியைவிட அதன் கதை எனக்குச் சுவாரசியமாகப் போய்விட்டது.

1940களின் தொடக்கத்தில் கனடாவின் மானிடோபாவிலும் அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலும் முதலில் இதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். அங்கே மலையோரக் காட்டு ரோஜாக்களில் அது பாட்டுக்கு இருந்தது. அதைக் கிழக்கே கொண்டுவந்தது இன்னொரு ரோஜா, மல்டிஃப்ளோரா. சின்னச் சின்ன வெள்ளைப் பூக்கள் கொத்தாகப் பூக்கும் ஜப்பானியச் செடி. 1866இல் அமெரிக்காவுக்கு வந்தது, ஒட்டுக்கட்ட அடிச்செடியாக. 1930களில் மண் அரிப்பு பெரிய பிரச்சினையானபோது, அரசாங்கத்தின் மண் பாதுகாப்புத் துறையே இதைத் தூக்கிப் பிடித்தது. கம்பி வேலி எதற்கு, இதை நடுங்கள், மாடு தாண்டாது, மண் கரையாது, பறவைகளுக்குப் பழம் கிடைக்கும் என்று விவசாயிகளுக்குக் கன்று கொடுத்தது. சில மாநிலங்களில் நெடுஞ்சாலை நடுவே, தறிகெட்டு வரும் காரைத் தாங்கிப் பிடிக்கவும் எதிர்வண்டி வெளிச்சத்தை மறைக்கவும் இதை நட்டார்கள்.

பறவைகள் பழத்தைத் தின்றன. விதையைக் கண்ட இடத்தில் போட்டன. நம்மூர்ச் சீமைக்கருவேலத்தை நினைத்துக்கொள்ளுங்கள், மிச்சத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. மேய்ச்சல் நிலமெல்லாம் முள் புதர். கன்று கொடுத்த அதே அரசாங்கங்கள் சில பத்தாண்டுகளில் இதைக் களை என்று அறிவித்தன. வெட்டினால் தழைக்கும், மருந்தடித்துக் கட்டாது. அந்த நேரத்தில்தான் மேற்கிலிருந்து இந்த நோய் மெல்ல மெல்ல வந்து மல்டிஃப்ளோரா புதர்களைச் சாகடிக்க ஆரம்பித்தது. மாட்டுக்காரர்களுக்குக் கொண்டாட்டம். 1980களில் அயோவாவில், நோயுள்ள மொட்டை எடுத்து நல்ல புதரில் ஒட்டுக்கட்டி வேண்டுமென்றே பரப்பலாமா என்று ஆராய்ச்சியே நடந்தது. ரோஜாப் பிரியர்கள் அலறினார்கள். யார் பக்கம் நியாயம் என்று கேட்டால் என்னால் சொல்ல முடியவில்லை. மாடு மேய இடமில்லாதவனுக்கு அடுத்த ஊர்க்காரனின் பூந்தோட்டம் பெரிய விஷயமாகப் படாது.

இதில் வேடிக்கை, அப்போதெல்லாம் இது வைரஸ்தானா என்பதே உறுதியாகவில்லை. சிலந்தியின் எச்சில் விஷம் என்றார்கள், வேறு கிருமி என்றார்கள். ஆர்கன்சா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல்தான் வைரஸைப் பிடித்து அடையாளம் காட்டினார்கள். கண்ணுக்குத் தெரிந்து 70 வருஷம் ஆன நோய்க்கு அப்போதுதான் காரணம் கிடைத்தது. அதற்குள் நாக் அவுட் நாட்டிலேயே அதிகம் விற்கும் ரோஜாவாகிவிட்டிருந்தது. நாக் அவுட் மற்ற ரோஜாக்களைவிட இந்த நோய்க்கு மென்மையானது என்று சொல்ல முடியாது. ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கில், கிளையோடு கிளை உரச நட்டுவைத்தார்கள், அதுதான் சங்கதி. டாலஸ் புறநகர்களில் நடுத்திட்டு ரோஜாக்களை வரிசை வரிசையாகப் பொக்லைன் வைத்துப் பிடுங்கியதை அந்த வருஷங்களில் நானே பார்த்தேன். ரோட்டை அகலப்படுத்துகிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

இவ்வளவையும் மறுநாள் அம்மாவுக்குச் சொன்னேன். சிலந்தி வரைக்கும் கேட்டாள். பிறகு, "இது நம்ம வாழை முடிக்கொத்து மாதிரிதான்," என்றாள்.

அம்மாவின் அப்பா சிறுமலையில் கொஞ்சம் வாழை வைத்திருந்தவர். பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போகிற விருப்பாச்சி, சிறுமலைப் பழங்களின் கதை திண்டுக்கல்காரர்களுக்குத் தெரியும். 1970களில் 18,000 ஹெக்டேர் இருந்த மலைவாழை, முடிக்கொத்து நோய் வந்து 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கிப் போனது. அங்கேயும் வைரஸ்தான், தூக்கிக்கொண்டு அலைவது அசுவினி. இலையெல்லாம் குறுகி உச்சியில் கொத்தாக நிற்கும், தார் தள்ளாது.

"எங்கப்பா ஒரு மரம் தலைய கட்டிக்கிச்சுன்னா மறுநாள் வரைக்கும் வைக்க மாட்டாரு. தூரோட தோண்டி, கிழங்குல மண்ணெண்ணெய ஊத்தி, துண்டு துண்டா வெட்டிப் போட்டுருவாரு. பக்கத்துத் தோட்டத்துக்காரரு, இருக்கட்டும் பாப்போம், இருக்கட்டும் பாப்போம்னே இருந்தாரு. கடைசில ரெண்டு பேருக்கும் போச்சு."

அவள் என்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அம்மாவுக்கு அப்படிச் சுற்றி வளைத்துப் பேச வராது.

அன்றே, ஞாயிற்றுக்கிழமை, நான்கு செடிகளைத் தோண்டினேன். டெக்சஸ் களிமண் ஆகஸ்டில் செங்கல். கடப்பாரை இறங்கவில்லை, முந்தின ராத்திரியே தண்ணீர் விட்டு ஊறவைத்திருக்க வேண்டும் என்று அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடி சொன்னாள், முந்தின ராத்திரி சொல்லாமல். ஒவ்வொரு செடியையும் வெட்டும் முன்னால் பெரிய கறுப்புப் பையைத் தலைவழியே கவிழ்த்துக் கட்டினோம், சிலந்தி பறக்காமல் இருக்க. நான்கு பேரைக் கடத்திக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. மிச்சம் பத்தில் நோய் தெரியவில்லை, விட்டுவைத்தேன். அடுத்த மார்ச்சுக்குள் அவற்றையும் எடுக்க வேண்டிவந்தது.

எங்களுக்கு வடக்கே இருப்பவர் ஒரு பெரியவர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் பிள்ளைகள் அவரைத் தாத்தா என்றே கூப்பிட்டுப் பழக்கிவிட்டார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் அவருடைய மனைவி வைத்துவிட்டுப் போன ரோஜாக்கள் ஆறு. அதில் ஒன்று மிஸ்டர் லிங்கன். கருஞ்சிவப்பு, வெல்வெட் இதழ், முழங்கை நீளக் காம்பு, வாசனை வேலியைத் தாண்டி வரும். அம்மா வந்த இரண்டாம் வாரமே அந்த வாசனையை மோப்பம் பிடித்துவிட்டாள். ஒருநாள் முறுக்கு சுட்டு எடுத்துக்கொண்டு போனாள், இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாமல். திரும்பி வரும்போது கையில் ஒற்றை ரோஜா.

"இதுதான்டா ரோஜா." அது நேராகச் சாமி படத்துக்குப் போனது. அதற்கப்புறம் வெள்ளிக்கிழமைதோறும் வேலி மேல் ஒரு பூ வைக்கப்பட்டிருக்கும்.

டாலஸில் வருஷத்தில் பாதி நாளுக்கு மேல் தெற்குக் காற்று. எங்கள் வீடு தெற்கே, அவர் வீடு வடக்கே. நூலகத்திலிருந்து வந்த அன்றே அவரிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னேன்தான், ஆனால் பாதியை. "எங்கள் செடியில் ஒரு நோய், எடுத்துவிட்டோம், உங்களுடையதையும் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றேன். அக்டோபரிலிருந்தே இருந்தது என்றும், வாரா வாரம் ஊதித் தள்ளினேன் என்றும் சொல்லவில்லை.

2016 ஜூனில் அவரே என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். மிஸ்டர் லிங்கனின் நடுத்தண்டிலிருந்து ஒரு கிளை, கட்டைவிரல் தடிமன், சிவப்பு, முள். நான் ஒன்றும் சொல்லாமல் நின்றேன். "மனைவி இருந்திருந்தால் போன வருஷமே பார்த்திருப்பாள்," என்றார். அப்புறம்தான் எல்லாவற்றையும் சொன்னேன், அக்டோபர் படத்தையும் காட்டினேன். படத்தை விரல்களால் பெரிதாக்கி நீண்ட நேரம் பார்த்தார். "அழகாகத்தான் இருக்கிறது," என்றார். கேலியா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. காற்று எத்தனையோ இடத்திலிருந்து வருகிறது, இந்தத் தெருவிலேயே ஐம்பது அறுபது செடி இருக்கிறது, உன் செடியிலிருந்துதான் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது என்றும் சொன்னார். உண்மைதான். அந்த உண்மை எனக்குப் பெரிதாக உதவவில்லை.

இந்தமுறை முந்தின ராத்திரியே தண்ணீர் விட்டோம். பை கவிழ்த்துக் கட்டியபோது உள்ளே ஒரு நல்ல பூவும் இருந்தது. அதைப் பறித்துக்கொள்ளலாமா என்று இரண்டு பேருமே யோசித்தோம். பறிக்கவில்லை. மொட்டின் மடிப்பில்தான் அது குடியிருக்கும்.

போனில் அம்மாவிடம் சொன்னேன். ஒரு நிமிஷம் பேச்சே இல்லை. "அந்த மனுசனுக்கு ஒரு பாத்திரத்துல ஏதாச்சும் கொண்டு போயிக் குடுடா," என்றாள். முறுக்கு எனக்குச் சுட வராது. மனைவி கேசரி கிளறித் தந்தாள்.

2017இல் இந்த வைரஸ் இந்தியாவிலும் ரோஜாவில் காணப்பட்டதாக ஓர் ஆய்விதழில் வந்தது. ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடில் போட்டு ரோஜா ஏற்றுமதி செய்கிறவர்களில் எனக்கு ஒரு கல்லூரி நண்பன் உண்டு. அவனுக்கு அனுப்பினேன். அனுப்பியதோடு விடாமல் அக்டோபர் படத்தையும் சேர்த்து அனுப்பினேன்: இப்படி ஒரு கிளை கண்ணில் பட்டால் சந்தோஷப்படாதே.

வேலியோரம் இப்போது மிளகாய்ச் செம்பருத்தியின் டெக்சஸ் ஒன்றுவிட்ட தம்பி நிற்கிறது, எவ்வளவு பூத்தாலும் இதழ் விரிக்காத சாதி. பெரியவர் தன் பக்கம் ஒன்றும் நடவில்லை. இரண்டு வருஷம் பார்க்கிறேன் என்றார். தோண்டும்போது அறுந்துபோன வேர்த் துண்டு மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும், அதிலும் வைரஸ் இருக்கும், என்றைக்கு வேண்டுமானாலும் துளிர்க்கலாம்.

ஏப்ரலில் துளிர்த்தது. எங்கள் பக்கம், மேற்குக் கோடியில், முதல் செடி இருந்த குழியில். ஒரு சாண் உயரத்தில் ஒற்றைத் தண்டு, நுனியில் சிவப்பு. நாக் அவுட் துளிர் எப்படியும் சிவப்பாகத்தான் வரும், இரண்டு வாரம் விட்டுப் பார்த்தால்தான் தெரியும். படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். அங்கே நடுராத்திரி. பதில் எங்களுக்குச் சாயங்காலம் வந்தது, குரல் பதிவாக, பின்னணியில் குக்கர் விசிலோடு.

"முள்ளு எத்தனன்னு எண்ணிப் பாத்தியாடா?"

எண்ணவில்லை. மத்தியானமே பிடுங்கிப் பையில் கட்டியாகிவிட்டது.